கடல் கடந்தவருக்குச் சங்கம் எதற்கு?

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி முதலிய வட்டங்களின் சிற்றூர்களில் பிறந்து, சென்னையில் பயின்று, இன்று கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் பணிபுரியும் இளைஞர்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். விடுமுறைக்கு அவர்கள் ஊர் வரும்போது, "அங்கே ஜைன சங்கம் இருக்கிறதா? அதில் சேர்ந்தாயா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். பெரும்பாலும் மூன்று விடைகளுள் ஒன்றுதான் வரும். நேரமில்லை என்பது ஒன்று. "அங்கே எல்லோரும் குஜராத்திக்காரர்கள், தாத்தா. அவர்கள் பேச்சும் புரியாது, பூசையும் வேறு" என்பது மற்றொன்று. மூன்றாவது விடை சற்றே ஆழமானது. "நான் ஊன் உண்பதில்லை. காலையில் பஞ்ச நமஸ்காரம் சொல்கிறேன். அறம் என் உள்ளத்தில் இருக்கிறது. இதற்குச் சங்கம் எதற்கு?"

முதல் விடையை விட்டுவிடலாம். சந்தா கட்டவும் மாதம் ஒருமுறை சென்று வரவும் முடியாத அளவுக்கு வேலை எவருக்கும் இருப்பதாக நான் நம்பவில்லை. இரண்டாவதைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். மூன்றாவது விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏனெனில் அது நம் ஆகமத்தின் பக்கம் நின்றே பேசுகிறது. பன்னிரண்டு சிந்தனைகளுள் ஒருமைச் சிந்தனை என ஒன்று உண்டு. பிறப்பவன் தனியே பிறக்கிறான்; வினைப்பயனைத் தனியே துய்க்கிறான்; தனியே இறக்கிறான்; வீடுபெறுவதாயினும் தனியே பெறுகிறான். தந்தையின் நோன்பு மகனுக்கு உதவாது. சங்கத்தின் பூசை உறுப்பினனின் வினையைக் கழிக்காது. இவ்வளவு தனிமையைப் போதிக்கும் அறத்தில் பிறந்தவனிடம், "கூட்டத்தில் சேர்" என்று நாம் சொல்வது பொருந்துமா? வினா நேர்மையானது. அதற்கு விடையும் நேர்மையாக வேண்டும்.

ஒருமைச் சிந்தனையை நாள்தோறும் செய்ய வேண்டியவர் யார்? முதற்கண் துறவியர். அவர்களுக்கு வகுக்கப்பட்ட நெறியைப் பார்ப்போம். வட்டகேரர் இயற்றிய மூலாசாரம் திகம்பர முனிவர்களின் ஒழுக்க நூல். முதிர்ச்சியும் கல்வியும் மனவலிமையும் வாய்க்கப் பெறாத முனிவர் தனித்துத் திரிவதை அந்நூல் கண்டிக்கிறது. அனைத்தையும் துறந்தவரே சங்கத்தில் வாழ வேண்டும் என்றால், எதையும் துறவாத நாம் சங்கமின்றி நிற்போம் என்பது நம் வலிமையைக் குறித்து நாமே கொள்ளும் மிகை மதிப்பு அல்லவா? முனிவர், ஆர்யிகை, சாவகர், சாவகியர் என நால்வகைச் சங்கத்தைத் தீர்த்தங்கரர் நிறுவினார் என்கிறோம். தனித்தனி உயிர்கள் வீடுபெறப் போதனை மட்டும் போதுமாயின், நான்காவதாகவும் மூன்றாவதாகவும் இல்லறத்தாரை ஒரு சங்கமாக்க வேண்டிய தேவை என்ன?

நம் மரபுவழிச் செய்தி ஒன்றையும் நினைவுகூரலாம். வடநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வந்தபோது பத்திரபாகு முனிவர் தம் சங்கத்தோடு தெற்கே வந்தார் என்றும், சிரவணபெளகொளாவில் அவர் தங்கிவிட, விசாகாசாரியர் தலைமையில் முனிவர்கள் தமிழ்நாடு நோக்கி வந்தனர் என்றும் சொல்லப்படுகிறது. இச்செய்தியை வரலாற்றாசிரியர்கள் எவ்வாறு எடைபோட்டாலும், ஒன்று கவனிக்கத்தக்கது. மொழி தெரியாத நாட்டிற்கு வந்தவர்கள் தனித்தனியே வரவில்லை, சங்கமாக வந்தார்கள். புலம்பெயர்தல் நமக்குப் புதிதன்று. சங்கமின்றிப் புலம்பெயர்தலே புதிது.

இதனினும் நேரான விடை சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இருக்கிறது. நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள். ஐயமின்மை, அவாவின்மை, வெறுப்பின்மை, மயக்கமின்மை என்பன முதல் நான்கு. பழியை நீக்கல், அழிந்தோரை நிறுத்தல், பேரன்புடைமை, அறம் விளக்கல் என்பன பின் நான்கு. இந்த எட்டையும் சிறுவயதில் பாடமாக ஒப்பித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் எட்டையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பவர் குறைவு. முதல் நான்கையும் ஒருவன் தன் அறையில் தனியே அமர்ந்து காக்கலாம். அவன் உள்ளம் ஐயுறாதிருந்தால் போதும், அவாவாதிருந்தால் போதும். பின் நான்கும் அவ்வாறு இயலா. பழியை நீக்க வேண்டுமாயின் பழிக்கு ஆளாகக்கூடிய இன்னொருவன் வேண்டும். அழிந்தோரை நிறுத்த வேண்டுமாயின் வழுக்குகின்ற ஒருவன் அருகில் வேண்டும். அன்பு செலுத்த அறத்தோர் வேண்டும். அறத்தை விளக்கக் காண்பவர் வேண்டும். உறுப்புக் குறைந்த காட்சி பிறவித் தொடரை அறுக்காது என்பது சமந்தபத்திரரின் துணிவு. ஆகவே "அறம் என் உள்ளத்தில் இருக்கிறது" என்று சொல்லும் நம் இளைஞர் தம்மிடம் இருப்பது பாதி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அழிந்தோரை நிறுத்தலுக்கு வாரிஷேணரின் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. சிரேணிக மன்னனின் மகனாகிய அவர் துறவு பூண்டார். அமைச்சன் மகனான நண்பனும் அவரைத் தொடர்ந்து துறவு பூண்டான். ஆனால் அவன் உள்ளம் வீட்டிலேயே இருந்தது. மனைவியை மறக்க முடியாமல் அவன் பன்னிரண்டு ஆண்டுகள் முனிவர் வேடத்தில் தவித்தான். வாரிஷேணர் அவனைக் கடியவில்லை, பிறரிடம் சொல்லவுமில்லை. தம் தந்தையின் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த மனைவியரை முழு அணிகலன்களோடு வரச்செய்து, "இவர்களையும் இந்த அரசுரிமையையும் வேண்டுமானால் நீ எடுத்துக்கொள்" என்றார். நண்பன் நாணினான், அன்றே உள்ளத்தாலும் துறவியானான். இக்கதையில் நம்மைக் கவர்வது அரண்மனைக் காட்சி. எனக்கோ அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. ஒருவன் தவிக்கிறான் என்பதை அறிய அவனோடு அத்தனை காலம் உடன் நடந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அயல்நாட்டில் தனியே வாழும் இளைஞனின் ஒழுக்கம் ஒருநாளில் உடைவதில்லை. முதலில் இரவு உணவு விலக்கு போகிறது. குளிர்காலத்தில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வருபவன் என்ன செய்வான்? அடுத்துக் கிழங்கு வகைகள். அடுத்து முட்டை கலந்த பண்டங்கள். "ரொட்டியில் கலந்திருப்பதுதானே" என்ற சமாதானம். பிறகு, நண்பர்கள் விருந்தில் ஒருநாள், கறித்துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வது. எந்தப் படியிலும் அவன் தன்னை வழுக்கியவனாக எண்ணுவதில்லை. ஏனெனில் அவனோடு நடப்பவர் எவரும் இல்லை. மாதம் ஒருமுறையாவது சங்கத்தில், தன்னைப் போலவே அலுவலகம் சென்று, தன்னைப் போலவே குளிரில் வாடி, ஆயினும் மதிய உணவோடு மாலைச் சிற்றுண்டியையும் கட்டிச் சென்று இருட்டுமுன் உண்டுவிடும் ஒருவரைக் கண்டால், "முடியாது" என்று நினைத்தது முடியும் என்று தெரியவரும். அறிவுரையினும் இது வலிது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிறர் கண்ணுக்கு அஞ்சிக் காக்கும் ஒழுக்கம் ஒழுக்கமாகுமா? ஊரில் இருந்தவரை அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் அஞ்சியே இரவில் உண்ணாதிருந்தவன், அஞ்சுவதற்கு எவருமில்லாத நாட்டில் உண்ணத் தொடங்கினால், அவன் ஊரில் காத்ததும் அறமன்று என்றுதானே பொருள்? அப்படியிருக்க, அயல்நாட்டிலும் ஓர் ஊரைக் கட்டிக் கொடுப்பதால் என்ன பயன்? இதில் உண்மை இருக்கிறது. அச்சத்தால் காத்த நோன்புக்கு அச்சத்தின் அளவே பயன். ஆயினும் அச்சம் வேறு, சாட்சி வேறு. நம் நெறியில் நோன்பை எவரும் தனக்குள் முணுமுணுத்து ஏற்பதில்லை. அருகர், சித்தர், ஆசாரியர், சங்கம் ஆகியோர் சாட்சியாக ஏற்கிறோம். தவறியவனும் ஆசாரியர் முன் சொல்லியே கழுவாய் பெறுகிறான். சாட்சி நோன்பின் கையில் பூட்டிய விலங்கன்று. வளரும் கொடிக்கு ஊன்றிய கொம்பு. கொம்பில்லாமலே படரக் கூடிய கொடி இருக்கலாம். நம் பிள்ளைகள் எல்லோரும் அத்தகையோர் என்று துணிந்து சொல்ல எந்தப் பெற்றோருக்கும் இயலாது.

சாட்சி எப்போது கண்காணிப்பாக மாறுகிறது என்பதற்கும் நம் நூல்கள் எல்லை வகுத்திருக்கின்றன. பழியை நீக்கலுக்குச் சொல்லப்படும் ஜினேந்திரபக்தன் கதையில், நோன்பி வேடத்தில் வந்த திருடன் வணிகனின் வீட்டு ஜினாலயத்திலிருந்து மணியைத் திருடிப் பிடிபடுகிறான். வணிகனோ, "நான் கொண்டுவரச் சொல்லித்தான் கொண்டு வந்தார்" என்று காவலரிடம் கூறி அனுப்பிவிட்டு, தனியே அவனைக் கண்டித்து வெளியேற்றுகிறான். அயல்நாட்டுச் சங்கங்களில் விழா முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் நின்று, யார் மகன் யாரை மணந்தான், யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று பேசுவோர் உண்டு என்று கேள்விப்படுகிறோம். (நம் ஊர்க் கோயில் திண்ணையில் இது நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன்.) அத்தகைய பேச்சால் மனம் நொந்து விலகிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் விலகியது புரிந்துகொள்ளத் தக்கதே. சங்கத்தில் சேருபவர் பெறும் நன்மை, சங்கத்தில் இருப்பவரின் நாவடக்கத்தைப் பொறுத்தது.

இனி இவ்வுலக நன்மைக்கு வருவோம். அறத்தைப் பற்றிப் பேசும்போது உலக நன்மையைச் சொல்வது தாழ்வு என்று சிலர் எண்ணுவர். இல்லறத்தாருக்கு அது தாழ்வன்று. புதிய நகருக்கு வருபவனுக்குப் பணத்தினும் முதலாகத் தேவைப்படுவது, "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்ல ஒரு வாய். சிலப்பதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் மதுரையில் அந்நியர். அவர்களை அழைத்து வந்த கவுந்தியடிகள் நம் அறத்தவர். ஆயர்குல மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தரும்போது அவர் ஒன்று சொல்கிறார். இவள் கணவனின் தந்தை இன்னார் என்று இந்நகரத்து வணிகர் அறிவாராயின், கிடைத்தற்கரிய பொருளைப் பெற்றவர்போல் விருந்தாக ஏற்றுத் தம் காவல்மிக்க மனைகளில் வைத்துக்கொள்வர். அதுவரை உன்னிடம் இருக்கட்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அவ்வணிகருள் எவரையும் கண்டு தன்னை அறிவிக்குமுன்பே கோவலன் சிலம்போடு கடைத்தெருவுக்குச் சென்றான். எதிர்ப்பட்ட பொற்கொல்லனை நம்பினான். "இவன் மாசாத்துவான் மகன், திருடனல்லன்" என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை. ஊழ்வினையே காரணம் என்பது காப்பியத்தின் விடை; அதை நான் மறுக்கவில்லை. அறிந்தவர் அற்ற ஊரில் ஊழ்வினைக்கு வேலை எளிதாகிவிடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வாடகை வீடு பெறுவது, நம்பத்தக்க மருத்துவரை அறிவது, பிள்ளைப்பேற்றுக்கு ஊரிலிருந்து தாய் வந்து சேரும்வரை சோறு வடித்துத் தருவது, வேலையிழந்தவனுக்கு வேறிடம் சொல்வது எனச் சிறியனவும் பெரியனவுமான உதவிகள் சங்கத்து உறவால் வருகின்றன. உணவுச் செய்தியும் அத்தகையதே. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் இருக்கலாம். இனிப்புகளில் விலங்கின் எலும்பும் தோலும் காய்ச்சிய ஜெலட்டின் இருக்கலாம். ஐரோப்பாவில் ஈ 120 என்று அச்சிட்ட சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்த சுவையூட்டி இருப்பது வழக்கின் வழியே பரவலாகத் தெரியவந்தது. தாவர எண்ணெயில் பொரித்தது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் உண்ட சைவ உணவினர் எத்தனையோ பேர். 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரி, சைவ உணவு, சமய அமைப்புகளுக்கு 1 கோடி டாலர் தர இசைந்தது. தனியொருவர் தம் வீட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இத்தகையதை அறிய முடியாது. பலர் கூடி விசாரித்தாலன்றி வெளிவராது.

எல்லாவற்றினும் கொடியது அயல்நாட்டில் நேரும் சாவு. நம் ஊரில் ஒருவர் இறந்தால் கேளாமலே ஆட்கள் வருவர். அங்கோ மருத்துவச் சான்று, பதிவு, தகனக்கூடத்தில் நாள் கிடைத்தல் என நாட்கள் செல்லும். இங்கிலாந்தில் வாரமும் கடக்கும். அந்நாட்களில் மருமகள் ஒருத்தி சிறு குழந்தையோடு அந்த வீட்டில் தனியே இருப்பதை எண்ணிப் பாருங்கள். சங்கத்தினர் வந்து பஞ்ச நமஸ்காரம் சொல்லி உடனிருப்பர். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை நிரப்ப வேண்டும் என்பதையும் அறிந்திருப்பர். அந்த வேளையில் வந்தவர் சுவேதாம்பரரா, பேசியது குஜராத்தியா என்று எவரும் கேட்பதில்லை.

இத்தகைய சங்கங்கள் வசதியுடையோரின் பொழுதுபோக்காகத் தோன்றியவை அல்ல. 1893ஆம் ஆண்டு சிகாகோ சர்வ சமயப் பேரவைக்கு வீர்சந்த் ராகவ்ஜி காந்தி சென்றபோது, அந்நாட்டில் அவரை வரவேற்க ஒரு ஜைனச் சங்கமும் இல்லை. துறவியாகிய ஆத்மாராம்ஜி கப்பலேற இயலாததால் அவர் சார்பில் சென்ற இவ்வில்லறத்தார், கடல் கடந்ததற்காகத் தம் சமூகத்தாரின் எதிர்ப்பையும் சுமந்தார். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அமெரிக்காவின் கதவைத் திறந்த பின்னரே மருத்துவரும் பொறியாளரும் பெருகினர். பாஸ்டனில் 1973இல் சங்கம் எழுந்தது. 1981இல் லாஸ் ஏஞ்சல்சில் கூடி, வட அமெரிக்கச் சங்கங்களின் கூட்டமைப்பாகிய ஜைனாவை அமைத்தனர்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகர வரலாறு இன்னும் உருக்கமானது. ஜாம்நகர்ப் பகுதியின் சிற்றூர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று கடைகள் வைத்து வாழ்ந்த ஓஸ்வால் ஜைனர் பலர். 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர் 90 நாட்களில் வெளியேற வேண்டும் என்றார். ஏறத்தாழ 27,000 பேர் பிரிட்டன் வந்தனர். கென்யாவிலிருந்து அதற்கு முன்பே பலர் வந்துகொண்டிருந்தனர். லெஸ்டர் நகராட்சி 1972 செப்டம்பரில் உகாண்டா நாளிதழிலேயே, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்னும் பொருளில் விளம்பரம் செய்தது. "வராதீர்" என்று சொன்ன ஊரில்தான், மறு ஆண்டே, ஜைன சமாஜம் தோன்றியது. பயன்பாடற்ற கிறித்தவ தேவாலயக் கட்டடம் ஒன்றை 1979இல் வாங்கி, இந்தியாவில் செதுக்கிய தூண்களை வரவழைத்து நிறுத்தி, 1988இல் பிரதிட்டை செய்தனர். இன்று அந்நகரம் வெளியூராருக்குப் பெருமையோடு காட்டும் கட்டடங்களுள் அதுவும் ஒன்று.

அக்கட்டடத்தில் நமக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. அதைக் கட்டியோரில் மிகப் பெரும்பாலோர் சுவேதாம்பரர். ஆயினும் ஒரே கூரையின்கீழ்த் திகம்பரருக்கென ஒரு சந்நிதியும், உருவ வழிபாடு இல்லாத ஸ்தானகவாசியருக்கு ஓர் உபாசிரயமும் அமைத்தார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைந்தவர்களுக்கும் இடம் விட்டார்கள். 1993இல் சிகாகோவை அடுத்த பார்ட்லெட்டில் எழுந்த ஆலயத்திலும், 2000இல் கலிபோர்னியாவின் மில்பிட்டாசில் எழுந்த ஆலயத்திலும் இருமரபுத் திருவுருவங்களும் உள்ளன. எட்டு நாள் பர்யுஷணம் முடிந்ததும் பத்து நாள் தசலட்சண பருவத்தைத் தொடர்ந்து, பதினெட்டு நாட்களாகக் கொண்டாடும் சங்கங்கள் பல. இந்தியாவில், மகாராட்டிரத்துச் சிர்ப்பூர்ப் பார்சுவநாதர் யாருக்கு உரியவர் என்னும் வழக்கினால் அத்திருக்கோயில் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் வழக்காடுவோரும் அயலில் ஒரே சமையற்கட்டில் சோறு வடிக்கிறார்கள். உயிர்கள் தமக்குள் உதவிக்கொள்வதே உயிர் செய்யும் உபகாரம் என்னும் உமாசுவாமிகளின் கருத்தை, மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு விழாவின்போது எல்லாப் பிரிவினரும் ஏற்ற சின்னத்தின் அடியில் பொறித்தோம். அதை எழுத்தில் வைத்திருப்பவர்கள் நாம். நடைமுறையில் கண்டவர்கள் அவர்கள்.

எனவே "அவர்கள் குஜராத்தியர்" என்னும் இரண்டாம் விடை எனக்கு வலிமையுடையதாகத் தோன்றவில்லை. ஆனால் அதிலுள்ள வருத்தத்தை நான் அறிவேன். பூசையின் பாடலும் மெட்டும் வேறு. அறிவிப்புகள் புரியாத மொழியில் வரும். "நீங்கள் தமிழரா? தமிழரில் ஜைனர் உண்டா?" என்று வியப்போடு கேட்பர்; ஈராயிரம் ஆண்டு வரலாற்றை உணவு வரிசையில் தட்டோடு நின்று விளக்க வேண்டியிருக்கும். இக்கேள்வியால் சினந்து திரும்பியோர் உண்டு. நான் சொல்வது, அக்கேள்விக்கு விடை கூறுவதே அறம் விளக்கல் என்னும் எட்டாம் உறுப்பு. மேல்சித்தாமூர் மடத்தையும், திருமலைக் குன்றின் நேமிநாதரையும், ஜினகாஞ்சியையும், பொன்னூர் மலையையும் பற்றி அவர்களிடம் நாம் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்? அந்தச் சந்நிதிகள் சிலருக்காக ஒதுக்கப்பட்டவை. அந்தச் சிலர் வாராதிருந்தால், அடுத்த சீரமைப்பில் அவ்விடத்தைப் பொருள் வைக்கும் அறையாக்கினும் நாம் குறைகூற முடியாது.

மொழியின் இழப்பு உண்மையான இழப்பே. குழந்தை ஞாயிறுதோறும் பாடசாலைக்குச் சென்றால் சமயத்தை ஆங்கிலத்தில் கற்கும். அருங்கலச்செப்பின் பெயரும் அறியாது. அதே ஞாயிறு தமிழ்ச் சங்கத்தின் பள்ளிக்குச் சென்றால் தமிழ் கற்கும். ஆனால் விழா விருந்தில் ஊன் இருக்கும், சூழ்ந்திருப்போர் வேறு வழிபாட்டினர். இரண்டிலும் நம் பிள்ளை பாதி ஆள். இரண்டிலும் சேருக என்பதே என் கருத்து. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பேரவை 1987இலிருந்து இயங்குகிறது. திருக்குறளும் சிலம்பும் நாலடியாரும் சிந்தாமணியும் பேசப்படும் மேடையில் நமக்குச் சொல்ல நிறைய உண்டு. நேரம் ஒன்றுக்கே போதும் எனின், குழந்தை சிறிதாக இருக்கும்போது ஜைனச் சங்கத்தைத் தேர்க என்பேன். மொழியை வீட்டிலேயே வளர்க்கலாம்; அதற்குச் சந்தா வேண்டாம், பெற்றோர் தமக்குள் தமிழில் பேசினால் போதும். (தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று வருந்துவோருக்கு எந்தச் சங்கமும் உதவாது.) ஆனால் தன் வகுப்பில் தான் ஒருவன் மட்டுமே முட்டை உண்ணாதவன் என்று நாணும் எட்டு வயதுச் சிறுவனுக்கு, தன்னைப் போன்ற இருபது பேரை ஓர் அறையில் காட்டுவது வீட்டால் இயலாது.

சங்கங்களிடம் குறைகளும் உள. நிர்வாகப் பதவிக்குப் பூசல், பெரும்பொருள் தருவோர்க்கே முதல் மரியாதை, பூசையின் முதலுரிமையை ஏலம் கூறும் வழக்கம் ஆகியன நம்மவருக்கு ஒவ்வாமல் இருக்கலாம், எனக்கும் ஒவ்வவில்லை. நான்கு சுவருக்குள் நமக்குள்ளேயே உண்டு மகிழ்ந்து, பக்கத்து வீட்டு வெள்ளையரின் பெயரும் அறியாமல் முப்பதாண்டு வாழ்வதற்குச் சங்கம் ஒரு திரையாகவும் ஆகலாம். அகிம்சை மனித குலத்துக்கே உரியது என்று மேடையில் பேசிவிட்டு அவ்வாறு வாழ்வது முரண். பசித்தோருக்கான உள்ளூர் உணவு வங்கிகளுக்கு உழைக்கும் ஜைனச் சங்கங்களும் இருக்கின்றன. சேருபவர் அத்தகைய பணியில் தம் கையைச் சேர்ப்பது நன்று.

இவ்விடத்தில் இங்கிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. கவுந்தியடிகள் மாதரியிடம் சொன்னதைப் போல், போகுமிடத்தில் உள்ளவர்களிடம் "இவன் நம் பிள்ளை" என்று யாராவது சொல்ல வேண்டும். மகனுக்கோ மகளுக்கோ விசா வந்ததும் பெட்டி, கம்பளி உடை, ஊறுகாய், மிளகாய்ப்பொடி ஆகியவற்றைப் பட்டியலிடும் நாம், அந்நகரில் ஜைனச் சங்கம் உண்டா, செயலாளர் யார் என்பதை அப்பட்டியலில் எழுதுவதில்லை. வட அமெரிக்காவில் எழுபது அளவிலான சங்கங்கள் ஜைனாவில் இணைந்துள்ளன. பிள்ளை புறப்படுமுன்பே பெற்றோரோ ஊர்ப் பெரியவரோ இரண்டு வரி எழுதினால் போதும்; விமான நிலையத்திற்கே ஆள் வரக்கூடும். பெட்டியில் தமிழில் அச்சான தோத்திரப் புத்தகம் ஒன்றையும் வையுங்கள். தசலட்சணத்தின் பத்து நாட்களில் ஒருநாள் மாலை அரைமணி நேரம் தமிழில் தோத்திரம் சொல்ல அனுமதி கேட்டால், பெரும்பாலான சங்கத்தார் மறுக்க மாட்டார்கள். அன்று அதைப் பார்த்துப் படிக்க ஒரு புத்தகமும், தயங்காமல் எழுந்து நிற்க நம் வீட்டுப் பிள்ளை ஒருவரும் வேண்டும்.